அலை நீட்டிப் படுக்க ஐம்பத்தாறு அடி

பினாங்கு வடமாகாணத் தமிழர் இலக்கிய இசை மனமகிழ் மன்றத்தில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள யாரும் மாடியேறிப் போக வேண்டியதில்லை. பதிவேட்டைப் பார்த்தால் போதும். பதிவேட்டில் ஏறியது இருக்கிறது. ஏறாதது இல்லை. அரசாங்க அலுவலகங்களில் தலைமைக் கிராணிகளாக, அதாவது குமாஸ்தாக்களாக, இருந்து ஓய்வுபெற்றவர்கள் கூடித் தொடங்கிய மன்றம். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடத்துகிற மன்றம். ஒரு தடவை மாடிப்படியில் ஒரு பலகை உளுத்து விழுந்துவிட்டது. கோப்பில் இருபத்துமூன்று படி என்று தெளிவாக எழுதியிருந்ததால், படி எதுவும் குறையவில்லை என்று செயற்குழு முடிவு செய்தது. ஏழு மாதம் எல்லோரும் அந்த இடத்தில் காலை அகட்டி வைத்துத்தான் மேலே ஏறினார்கள், தலைவர் உட்பட.

குகன் அங்கே கிராணி. கூட்டுகிறவர், கதவு பூட்டுகிறவர், தேத்தண்ணி கலக்குகிறவர், கூட்டக் குறிப்பு தட்டுகிறவர் எல்லாமும் அவர்தான். வயது ஐம்பத்தாறு. வாயைத் திறந்து ஒருவரை மறுத்துப் பேசிய பழக்கம் இல்லை. பத்தொன்பது வருடமாக அவரும் அவர் மனைவி தனலெட்சுமியும் மண்டபத்தின் பின்பக்கம் ஒரு பலகைச் சுவருக்கு அப்பால் குடியிருந்தார்கள். ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஓர் அடுப்பு, ஒரு சன்னல். தனலெட்சுமி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. எப்போதும் இரவு ஷிப்ட். காலை ஏழுக்கு முடித்து, வீட்டுக்கு வந்து, இரண்டு ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தாளானால் சாயங்காலம்தான் எழுவாள். மன்றத்தில் பேப்பர் புரட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது என்பதால் அவளுக்கு அது சொர்க்கமாக இருந்தது. அவள் விடுகிற குறட்டை மட்டும் சில சமயம் பலகையைத் தாண்டி மண்டபத்துக்குள் வரும். பேப்பர் படிக்கிறவர்கள் அது கீழே தெருவில் லாரி போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பலகைச் சுவரை முந்தைய ஒரு தலைவர் வாய்வார்த்தையாகச் சொல்லிக் கட்டச் செய்தார். அன்றைக்குச் செயலாளருக்குக் காய்ச்சல். கூட்டக் குறிப்பு எழுதப்படவில்லை. சுவர் எழும்பிவிட்டது, பதிவு எழும்பவில்லை. அதனால் வந்த வினையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மெல்பர்னில் இருக்கிற டாக்டர் தயாளன், தம் தகப்பனார் நினைவாக மன்றத்துக்கு ஒரு ஜோடி உயர்தர ஸ்பீக்கர் அன்பளிப்புச் செய்ய விரும்புவதாக எழுதினார். உலகத்திலேயே ஆழமான பேஸ், அதாவது அடிநாத ஒலி, கேட்கிற ரகம் என்றும், அறையின் அளவைச் சொன்னால் அதற்குத் தக்க அளவில் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். நல்ல மனிதர். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

மன்றத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா குகனைக் கூப்பிட்டார். எழுபத்தொரு வயதிலும் கழுத்தில் டை கட்டாமல் மாடியேறாதவர்.

"குகன், மண்டபத்தின்ர நீள அகலம் என்ன காணும்?"

"அளந்து பாக்கட்டுமாங்கய்யா? டேப்பு இருக்கு."

"அளக்கிறதோ?" தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பிறகு கோப்பு என்னத்துக்குக் கிடக்குது?"

கோப்பு வந்தது. கட்டடம் கட்டிய காலத்து வரைபடம். மண்டபம்: நீளம் ஐம்பத்தாறு அடி, அகலம் பதினெட்டு அடி. தலைவர் சொல்லச் சொல்லக் குகன் கணினியில் தட்டினார். ஐம்பத்தாறு என்று தட்டும்போது விரல் ஒரு கணம் நின்றது. அவர் உட்கார்ந்திருந்த மண்டபம் முப்பத்துநான்கு அடிதான். மீதி இருபத்திரண்டு அடியில் அவர் பெண்டாட்டி அந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். சொல்லலாமா என்று யோசித்தார். இவ்வளவு படித்த மனிதர்களுக்கு எதிரே நிற்கிற சுவர் தெரியாமலா இருக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். எழுத்துப்பிழை இல்லாமல் கடிதத்தை முடித்து அனுப்பினார்.

ஸ்பீக்கர் வந்த அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேலே அரை முழம். எடை இருநூறு கிலோ. கப்பி கட்டி, சன்னலைக் கழற்றி, ஆறு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர் நாகூர் மீரான். முப்பது வருடமாகக் கல்யாண மண்டபங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் ஒலிப்பெட்டி பொருத்துகிறவர். பெட்டியை இறக்கி வைத்ததும் மண்டபத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கைதட்டிக் கேட்டார். தலையைச் சொறிந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இந்த ரூமுக்கா இது? இது பெரிய ஹாலுக்குப் போடுற சாமான் லா. இங்க போட்டா மூலைக்கு மூலை குமுறும், நடுவுல ஒண்ணும் கேக்காது. இதே கம்பெனியில சின்னதா ஒரு ஜோடி இருக்கு. ரூமுக்கு அதுதான் சொகம். பெட்டி பிரிக்கல, இப்பவே மாத்திரலாம்."

"மாத்த ஏலாது," என்றார் தலைவர்.

"ஏன்ங்கய்யா?"

"பதிவாகிட்டுது."

உண்மைதான். கப்பல் கிளம்பியதாகக் கடிதம் வந்த அன்றே குகன் பதிவேட்டில் ஏற்றிவிட்டிருந்தார்: பொருள் 211, பொருள் 212. மஞ்சள் ஒட்டுச்சீட்டும் தயாராக வைத்திருந்தார். மன்றத்தில் நாற்காலி முதல் பூட்டுவரை எல்லாவற்றிலும் அந்த மஞ்சள் சீட்டு உண்டு. விதி பதினான்கு சொல்கிறது: பதிவேட்டில் ஏறிய பொருள் எதுவும் பொதுக்கூட்டத் தீர்மானமின்றி மண்டபத்தை விட்டு அகற்றப்படலாகாது. பொதுக்கூட்டம் வருடத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலில். அப்போதுதான் மே பிறந்திருந்தது.

முதல் கேட்பு அரங்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு. தவில் கச்சேரி இசைத்தட்டு ஒன்றைப் போட்டார்கள். உறுப்பினர்கள் பதினொரு பேர் மூப்பு வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். தலைவரின் நாற்காலி மண்டபத்தின் நட்டநடுவில். அது விதி ஒன்பது: தலைவர் அவையின் மையத்தில் அமர்வார்.

முதல் அடி விழுந்ததும் கூரையிலிருந்து காரை கொட்டியது. மூலையில் இருந்த பொருளாளருடைய கட்டுப்பல் நடுங்கியது. கீழே பத்திரிகைக் கடைக்காரர் பூகம்பமா என்று பார்க்கத் தெருவுக்கு ஓடினார். பலகைச் சுவருக்கு அப்பால் தட்டும் கரண்டியும் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு தனலெட்சுமி வந்து நின்றாள். தலைமுடி கலைந்து, கண் சிவந்திருந்தது.

"என்னங்க, யாரு வீட்ட இடிக்கிறாங்க?"

குகன் ஓடிப்போய் அவளை உள்ளே தள்ளாத குறையாகக் கூட்டிப்போனார். மண்டபத்தின் நடுவில் தலைவர் கண்ணை மூடி, காதைக் கூர்ந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். கடைசியில் கையை உயர்த்தினார். தட்டு நின்றது.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்றார்.

காரை கொட்டிய தோளைத் தட்டிவிட்டபடி உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவருக்குக் கேட்கவில்லையென்றால் கேட்கவில்லைதான். அப்படியே குறிப்பில் ஏறியது: பேஸ் கேட்கவில்லை.

வயர் சரிபார்க்க வந்திருந்த மீரான் கதவோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயா, ரூமுக்கு நட்டநடுவுல உக்காந்தா பேஸ் செத்துத்தான் போவும். எந்த ரூமுலயும் அப்படித்தான். நாலடி பின்னால தள்ளிப் போட்டுக் கேட்டுப் பாருங்களேன்."

"எதைத் தள்ள?"

"நாற்காலியத்தான்."

துக்க வீட்டில் கெட்ட வார்த்தை பேசியவரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் மீரானைப் பார்த்தார்கள். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

ஸ்பீக்கரை மாற்ற முடியாது. நாற்காலியை நகர்த்த முடியாது. ஆகவே பேஸைத் தேடத் தாழ்சுருதி உபகுழு அமைக்கப்பட்டது. தலைமை டாக்டர் ஸ்ரீகரன். அவர் பல் டாக்டர். ஒலி பற்றி இரண்டு வெளிநாட்டுச் சஞ்சிகைகள் வரவழைத்துப் படிக்கிறவர். மூன்று வாரம் ஆராய்ந்து அறிக்கை வாசித்தார். குகன் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

"தலைவர் அவர்களே, ஆழமான பேஸ் அலை ஒன்றின் நீளம் ஐம்பத்தாறு அடி. இது விஞ்ஞானம். நம் முன்னோர் கட்டிய மண்டபத்தின் நீளமும் ஐம்பத்தாறு அடி. இது தீர்க்கதரிசனம். ஆனால் நேற்று நான் நேரில் நடந்து பார்த்தபோது முப்பத்துநான்கு அடியில் என் மூக்கு ஒரு பலகையில் இடித்தது. கோப்பில் அப்படி ஒரு பலகை கிடையாது. அலை பாவம் நீட்டிப் படுக்க இடமில்லாமல் மடங்கிக் கிடக்கிறது. மடங்கிப் படுத்தால் நமக்கே முதுகு வலிக்கிறது, அலைக்கு வலிக்காதா? என் தொழிலில் ஒரு பல் நேராக வர இன்னொரு பல்லைப் பிடுங்குவது அன்றாடம் நடக்கிற காரியம். பிடுங்கப்படுகிற பல் குற்றவாளி அல்ல. அது இடத்தை அடைக்கிறது, அவ்வளவே. எனவே மண்டபத்தின் பதிவுபெற்ற நீளத்தை மீட்டெடுக்கவும், பின்பகுதியிலுள்ள பதிவற்ற அடைப்புகளை அகற்றவும் இவ்வுபகுழு பரிந்துரைக்கிறது."

கைதட்டல். முன்மொழிவு. வழிமொழிவு. எதிர்ப்பு யாராவது உண்டா என்று தலைவர் கேட்டார். கேட்கும்போது அவர் கண் குகன்மேல் ஒரு தடவை நின்று போனது. குகன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபின் தலைவர் அவரைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். "நீர் ஒண்டுக்கும் கவலைப்படாதேயும். உமக்கு வேலை போகேல்லை. இருக்கிற இடம் மட்டும்தான் போகுது. மன்றம் ஒரு மனுசனையும் கைவிட்டதில்லை, பாரும்."

"ஐயா, அவ நைட் ஷிப்ட்டு. பகல்ல தூங்கலைன்னா..."

"அதுக்கென்ன, எல்லாரும் இரவிலதானே தூங்குறம். அவவையும் பழகச் சொல்லும்."

தட்டிய குறிப்பை அன்று சாயங்காலம் குகன் மனைவியிடம் காட்டினார். அவள் ஷிப்டுக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"நம்ம பேரு எங்க இருக்கு இதுல?"

"பேரு இல்ல. 'பதிவற்ற அடைப்புகள்'னு போட்டிருக்கில்ல?"

"அது யாரு?"

"நாமதான்."

"நீங்களேவா டைப் அடிச்சீங்க?"

"ம்."

"தப்பு கிப்பு இல்லாம?"

"ம்."

தனலெட்சுமி பின்னலை முடித்தாள், ரப்பர் போட்டாள், பையை எடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பலகைச் சுவர் இரண்டே நாளில் இறங்கியது. கட்டிலும் அலமாரியும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. தனலெட்சுமி கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனாள். குகனுக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் தம் வீட்டு சோபாவைக் கொடுத்தார். தீவில் வாடகைக்கு ஓர் அறை தேடாமல் இல்லை. குகன் சம்பளத்தைச் சொன்னதும் எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாகப் புருசன் ஒரு கரையிலும் பெண்டாட்டி மறு கரையிலும் ஆனார்கள்.

காலை ஏழுக்கு ஷிப்ட் முடித்து, ஜெட்டிக்கு பஸ், அங்கே ஃபெரி, பட்டர்வொர்த்திலிருந்து மறுபடி பஸ். அவள் படுக்கும்போது பத்தரை ஆகிவிடும். தங்கை வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு டிவி, ஒரு கோழிக்கூண்டு. மாலை நாலுக்கு மறுபடி கிளம்ப வேண்டும். ஒரு நாள் ஃபெரியிலேயே தூங்கிப்போய், யாரும் எழுப்பாததால் அக்கரைக்கும் இக்கரைக்கும் இரண்டு தடவை போய்வந்தாள். அந்த வாரத்திலேயே நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு மணி நேரம்தான் என்று போனில் சொன்னாள். அப்புறம் ஒரு நாள் வார்டில் நோயாளி படுத்திருக்கிற தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றபடி கண் அசந்துவிட்டாள். வண்டி தானாக உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கையில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும்.

"எனக்கு ஒரு இடம் பாருங்க," என்றாள் போனில். "அரமனை வேணாம். கால நீட்டுற அளவு இருந்தாப் போதும்."

மன்றத்தில் இரண்டாவது கேட்பு அரங்கு நடந்தது. இப்போது மண்டபம் ஐம்பத்தாறு அடி. தலைவரின் நாற்காலியைப் புதிய மையம் பார்த்துப் பதினோரடி பின்னால் போட்டார்கள். நாற்காலி நகரவில்லை, மையம்தான் நகர்ந்தது என்று குறிப்பில் விளக்கம் எழுதப்பட்டது. தட்டு சுழன்றது. மொட்டைச் சுவரில் பட்டுப் பட்டு மூலையெல்லாம் இடி இடித்தது. பொருளாளரின் கட்டுப்பல் இந்தத் தடவை மடியிலேயே விழுந்தது. ஸ்ரீகரன் அது பல் சம்பந்தப்பட்ட பிரச்சினை என்று தீர்ப்புச் சொன்னார். தலைவர் கண்ணை மூடி வெகுநேரம் காத்திருந்தார்.

"இல்லை," என்றார். குரலில் உண்மையாகவே துக்கம் இருந்தது. "இப்பவும் இல்லை."

அலை நீட்டிப் படுக்க ஐம்பத்தாறு அடி கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன செய்வது? வேறு வழியில்லாமல் மீரானை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் வந்து, இடித்த இடத்தையும் மாடிப்படிக்குக் கீழே கிடந்த கட்டிலையும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரு சொன்னா ஐம்பத்தாறு அடி வேணும்னு? சின்னப் பசங்க கெரெத்தாக்குள்ள பேஸ் போட்டுக்கிட்டு ரோட்டையே அதிர வெக்கிறானுங்க. அவனுங்க காரு என்ன ஐம்பத்தாறு அடியா? முந்தியாச்சும் அந்தப் பலகை, அதுக்குப் பின்னால மெத்தை, துணிமணி, அலமாரி, ரெண்டு ஆளுங்கன்னு இருந்துச்சு. கொஞ்சம் பேஸை அது குடிச்சுச்சு. குடும்பம் இருந்த இடத்த மொட்டையாக்கிட்டு இப்ப குமுறுதுன்னா? பாவமா இல்லையாய்யா உங்களுக்கு?"

இப்படித் திட்டிவிட்டுப் போன பேச்சை உபகுழு ஆழ்ந்து பரிசீலித்தது. பாவம் என்ற பகுதி அதன் அதிகார வரம்புக்கு வெளியே இருந்தது. மெத்தை என்ற பகுதி உள்ளே இருந்தது.

மறுவாரம் குகன் தம் கட்டிலையும் மெத்தையையும் துணிகளோடு அலமாரியையும் பழைய இடத்திலேயே, பழைய கோணத்திலேயே கொண்டுவந்து வைத்தார். இரவல்தான், ஒலி உறிஞ்சிகளாக மட்டும். அவரோ அவர் மனைவியோ அதில் உட்காரக்கூடாது என்பதற்கு ஒரு கயிறு கட்டினார்கள். மூன்றாவது கேட்பு நடந்தது. குமுறல் கொஞ்சம் அடங்கியதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தலைவர் மட்டும் இன்னும் உதட்டைப் பிதுக்கினார்.

ஸ்ரீகரன் சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டு எழுந்தார். "மனித உடலைப் போல் நல்ல உறிஞ்சி இல்லை என்று இதிலே தெளிவாகப் போட்டிருக்கிறான். உறுப்பினர்களைப் பின்னால் உட்காரச் சொல்ல முடியாது, மூப்பு வரிசை கெடும். ஆராய்ந்து பார்த்ததில், முன்பு அப்பகுதியில் இரண்டு உடல்கள் இருந்து வந்ததாகத் தெரிகிறது. அதே உடல்கள் கிடைத்தால் உத்தமம்."

குகன் குனிந்து எழுதினார்: அதே உடல்கள்.

"ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ரெண்டு பேரும் வந்து இருக்கலாம்," என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "ஆனா ஒண்டு. மண்டபத்துக்குள்ள இருக்கிறது எதுவும் பதிவில இருக்கோணும். கட்டில், மெத்தை, அலமாரி, எல்லாத்தையும் ஏத்தும். ஆக்களையும் ஏத்தும். பிறகு காப்புறுதிக்காரன் வந்து கேட்டால் நான் என்ன சொல்றது?"

குகன் ஏற்றினார். பொருள் 213, கட்டில். பொருள் 214, மெத்தை. பொருள் 215, அலமாரி, துணிகளுடன். பொருள் 216, ஆண் ஒருவர். பொருள் 217, பெண் ஒருவர். தலைவர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையொப்பமிட்டார். அழகான கையொப்பம், வால் நீண்டது.

அந்த ஞாயிறு தனலெட்சுமி ஷிப்டிலிருந்து நேராக வந்தாள். சீருடையில் மருந்து வாசம். படியேறும்போதே கால் பின்னியது. குகன் மஞ்சள் சீட்டை எடுத்து 217 என்று எழுதி அவள் மணிக்கட்டுக்கு மேலே ஒட்டினார். கை கூசியது அவருக்கு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆட்டுக்கு முத்திரை அடிக்கிற மாதிரி," என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க தனம். ரெண்டு மணி நேரந்தான்."

கயிற்றைத் தாண்டிப் போய் இருவரும் தங்கள் கட்டிலின் ஓரத்தில் விருந்தாளிகள்போல் உட்கார்ந்தார்கள். சன்னல் அதே சன்னல். அடுப்பு இருந்த இடத்தில் கரி படிந்த தடம் இன்னும் இருந்தது. தனலெட்சுமி மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு குகன் காதோரம் குனிந்தாள்.

"படுத்துக்கலாமான்னு கேளுங்க."

குகன் கையை உயர்த்தினார். பத்தொன்பது வருடத்தில் அந்த அவையில் அவர் கை உயர்ந்தது அதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னதும் ஸ்ரீகரன் துள்ளிக் குதித்துவிட்டார். "அற்புதம்! படுத்தால் பரப்பு கூடும். உறிஞ்சல் இரட்டிப்பாகும். முன்மொழிகிறேன்!"

ஏகமனதாக நிறைவேறியது. தனலெட்சுமி செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், காலை நீட்டினாள். தவில் தொடங்குவதற்குள் தூங்கிவிட்டாள்.

இடி இடித்தது. கட்டில் அதிர்ந்தது, அலமாரிக் கதவு கடகடத்தது. அவள் அசையவில்லை. நாலு மாதத் தூக்கம். குகன் பக்கத்தில் உட்கார்ந்து, அதிர்ச்சியில் அவள் உருண்டு விழாமல் இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டை நானே அல்லவா எழுத்துப்பிழை இல்லாமல் இடித்தேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. துடைக்கவும் ஒரு கை இல்லை.

தட்டு முடியும் தறுவாயில், தவில் ஓய்ந்து நாதஸ்வரம் மட்டும் மெல்ல ஊதிக்கொண்டிருந்தபோது, தலைவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"கேக்குது!" என்றார். "ஓம், ஓம், இப்ப கேக்குது! என்ன ஆழம்! அடிவயித்திலயிருந்து வருது!"

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஸ்ரீகரன் பொருளாளரைக் கட்டிக்கொண்டார். அந்த ஆழமான சுருதி எங்கேயிருந்து வருகிறது என்று குகனுக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை; கீழே லாரி போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

மணி பன்னிரண்டு. உறுப்பினர்கள் தேத்தண்ணி குடித்து முடித்தார்கள். தலைவர் கயிற்றருகே வந்து நின்றார்.

"சரி குகன். அவவை எழுப்பும். பூட்டோணும்."

குகன் அவள் தோளைத் தொட்டார். அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"நாம பதிவுல இருக்கோமா?"

"இருக்கோம்."

"ஐயா கையெழுத்து?"

"போட்டிருக்காரு."

"அப்ப பொதுக்கூட்டம் எப்ப?"

குகனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து, இரண்டு கையாலும் தலைவரிடம் நீட்டினார். பக்கத்தில் விதிப்புத்தகத்தையும் வைத்தார். விதி பதினான்கில் அடையாளத்துக்கு நாடா ஏற்கெனவே இருந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா படித்தார். தம் கையொப்பத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவரைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், விதியை மீறினார் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

"ஏப்ரல்," என்றார் கடைசியில், மிகவும் மெல்ல. பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அப்ப இவ வேலைக்குப் போறது எப்பிடி? அகற்றப்படலாகாது எண்டிருக்கே?"

"நானா போயிட்டு நானா வருவேன்ங்கய்யா," என்றாள் தனலெட்சுமி, தலையணைக்குள்ளிருந்து. "யாரும் தூக்கிக்கிட்டுப் போகல."

ஸ்ரீகரன் அது ஆராயத்தக்க கருத்து என்றார். உபகுழுவுக்கு அனுப்பினார்கள். உபகுழு கூட மூன்று வாரமாகும். ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. தலைவர் கடைசியாகப் போனார். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து பூட்டுவதா உள்ளேயிருந்து பூட்டுவதா என்று தெரியாமல், குகனிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மண்டபம் ஐம்பத்தாறு அடிக்கு வெறிச்சோடிக் கிடந்தது. நடுவில் சுவர் இல்லை. அந்தக் கோடியில் இரண்டு ஸ்பீக்கர்களும் கறுப்பாக நின்றன. அடுத்த ஞாயிறும் அவை இடிக்கும், அதற்கடுத்த ஞாயிறும். ஏப்ரலுக்கு அப்புறம் என்ன என்று குகன் யோசித்துப் பார்த்தார். கைகள் எழும், தீர்மானம் நிறைவேறும், அதையும் அவர்தான் தட்டுவார்.

"அடுத்த வாரம் அடுப்பையும் பதிஞ்சிருங்க," என்றாள் தனலெட்சுமி. மறுபடி தூங்கிப்போனாள்.

அவள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வேர்வையில் மஞ்சள் சீட்டின் ஓரம் கிளம்பியிருந்தது. குகன் குனிந்து, அவள் விழித்துவிடாதபடி, அதைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி ஒட்டினார்.